முழு விமானத்துக்கும் ஒரு பரசூட்: திருகோணமலையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சீனக்குடா விமானப்படைத் தளம் பக்கத்தில் இருப்பதால், பயிற்சி விமானங்கள் கொட்டியாரக்குடாவுக்கு மேலே வட்டமடிப்பது திருகோணமலையில் அன்றாடக் காட்சி. உயர்தரம் முடித்த பிள்ளைகளுக்கு விமானி உரிமத்தின் எழுத்துப் பரீட்சைப் பாடங்களைச் சொல்லிக்கொடுப்பது என் தொழில். ஒவ்வொரு தொகுதியிலும் யாராவது ஒருவர் இந்தப் பரசூட் கதையை எடுக்காமல் விடுவதில்லை. பிள்ளைகள் ஆர்வத்தில் கேட்கிறார்கள். பெற்றோர் பயத்தில் கேட்கிறார்கள். இரு தரப்புக்கும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

விமானத்துக்கே பரசூட் என்கிறார்களே, அது என்ன?

பின்னிருக்கைகளுக்கும் பின்னால், இறுக்கி மடித்த பெரிய பரசூட் ஒன்றும், அதை வெளியே இழுத்துச் செல்லத் திட எரிபொருள் ரொக்கெட் ஒன்றும் இருக்கும். அமெரிக்க நிறுவனமான சிரஸ் தயாரிக்கும் சிறு விமானங்களில் முன்னிருக்கைகளுக்கு நேர் மேலே, கூரையில், ஒரு மூடிக்குள் சிவப்புக் கைபிடி இருக்கிறது. அதை இழுத்தால் ரொக்கெட் பற்றிக்கொண்டு மேல்மூடியை உடைத்து வெளியேறும். விமானத்தின் தோலுக்கு அடியில் பதித்திருக்கும் பட்டிகள் உரிந்து வெளியே வரும். பரசூட் முழுதாக விரிந்ததும் விமானமும் உள்ளே இருப்பவர்களும் ஒன்றாகவே இறங்குவார்கள். யாரும் குதிப்பதில்லை.

இதைச் சந்தைக்குக் கொண்டுவந்தவர்களில் முதன்மையானவர் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தைச் சேர்ந்த பொரிஸ் பொபொவ். 1975இல் அவர் பறந்துகொண்டிருந்த ஹேங் கிளைடர் (இயந்திரமில்லாத துணி இறக்கை) வானத்தில் மடங்கிப்போக, ஏரியில் விழுந்து உயிர் தப்பினார். 1980இல் இத்தகைய பரசூட்டுகளைச் செய்யும் பி.ஆர்.எஸ். நிறுவனத்தைத் தொடங்கினார். சிரஸ் நிறுவனத்தை உருவாக்கிய சகோதரர்களில் ஒருவரான அலன் கிளப்மையருக்கும் ஒரு கதை உண்டு. 1985இல் அவருடைய விமானம் நடுவானில் இன்னொரு விமானத்தோடு மோதியது. இறக்கையின் ஒரு பகுதியை இழந்த விமானத்தை அவர் எப்படியோ தரையிறக்கினார். மற்ற விமானி இறந்துபோனார். 1998இல் சான்றிதழ் பெற்ற சிரஸ் எஸ்.ஆர்.20இல் பரசூட் விருப்பத்தேர்வாக இல்லாமல் கட்டாய உறுப்பாகவே வந்ததற்கு அந்த அனுபவம் ஒரு முக்கிய காரணம்.

ஸ்பின் என்றால் இயந்திரம் நின்று விழுவதா?

இல்லை. இயந்திரம் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே ஸ்பின் வரலாம். மூக்கை அளவுக்கு மீறி உயர்த்தும்போது, இறக்கையைக் காற்று சந்திக்கும் கோணம் ஓர் எல்லையைத் தாண்டினால், காற்றோட்டம் மேற்பரப்பிலிருந்து பிரிந்து தூக்குவிசை சரியும். இதற்கு ஸ்டோல் என்று பெயர். இரண்டு இறக்கைகளும் ஒரே அளவில் ஸ்டோல் ஆனால் மூக்கு முன்னே சாயும், அவ்வளவுதான். அந்த நேரத்தில் விமானம் பக்கவாட்டில் திரும்பிக்கொண்டும் இருந்தால் ஓர் இறக்கை மற்றதைவிட ஆழமாக ஸ்டோல் ஆகும். அது கீழே விழும், இழுவையும் அந்தப் பக்கத்தில் கூடும், விமானம் தன்னைத்தானே சுழற்றிக்கொண்டு இறங்கத் தொடங்கும்.

மாணவர்கள் குழப்பிக்கொள்ளும் இடம் ஒன்று இருக்கிறது. ஸ்பின்னில் வேகமானி குறைந்த வேகத்தைக் காட்டிக்கொண்டு ஏறக்குறைய அங்கேயே நிற்கும். வேகம் ஏறிக்கொண்டே போனால் அது ஸ்பின் இல்லை, சுருள் பாய்ச்சல், அதாவது ஸ்டோல் ஆகாமலே வட்டமிட்டபடி வேகமெடுத்துக் கீழே பாய்வது. அதற்கு மருந்து வேறு. ஒன்றுக்கு உரியதை மற்றதற்குச் செய்தால் நிலைமை மோசமாகும்.

ஸ்பின்னிலிருந்து மீளும் முறை என்ன? யார் கண்டுபிடித்தது?

பழைய காலத்து விமானிகளுக்கு ஸ்பின் என்பது மரணத்தின் மறுபெயர். 1912 ஓகஸ்ட் 25இல் இங்கிலாந்தில் வில்ஃபிரட் பார்க் என்ற கடற்படை அதிகாரி, எல்லோர் கண்முன்னாலும் ஒரு ஆவ்ரோ விமானத்தில் ஸ்பின்னில் சிக்கினார். தெரிந்ததையெல்லாம் செய்து பார்த்துப் பயனில்லாமல், கடைசியில் சுழற்சிக்கு எதிர்ப் பக்கம், வாலிலிருந்து மூக்கை இடம் வலம் திருப்பும் சுக்கானை முழுவதும் திருப்பினார். விமானம் நிமிர்ந்தது. தரையிறங்கியதும் தான் செய்ததை ஒன்றுவிடாமல் விவரித்தார். அந்த விவரிப்புத்தான் மற்றவர்களுக்குப் பாடமானது. முதலாம் உலகப் போரின்போது இங்கிலாந்தின் ஃபார்ன்பரோ விமான ஆய்வு நிலையத்தில் நடந்த ஆய்வுகள் அதன் பின்னால் இருந்த கணக்கைத் தெளிவாக்கின.

இன்று சாதாரண பயிற்சி விமானங்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் வரிசை இது. இயந்திரச் சக்தியை முழுவதும் குறை. எயிலரோனை (இறக்கையின் வெளிப்பகுதியில், விமானத்தைப் பக்கம் சரிக்கும் மடிப்பு) நடுவில் வை. சுழற்சிக்கு எதிரான சுக்கான் மிதியை முழுவதும் அழுத்து. பிறகு கட்டுப்பாட்டுத் தண்டை முன்னே தள்ளி ஸ்டோலை உடை. சுழற்சி நின்றதும் சுக்கானை நடுநிலைக்குக் கொண்டுவந்து, பாய்ச்சலிலிருந்து மெதுவாக மேலே இழு. விமானத்துக்கு விமானம் சிறு வேறுபாடுகள் உண்டு. அந்தந்த விமானத்தின் கையேடு சொல்வதே இறுதி வார்த்தை.

வாசிக்க எளிது. உள்ளே இருப்பவருக்கு என்ன நடக்கிறது என்று பாருங்கள். கண்ணாடி முழுவதும் நிலம் சுற்றுகிறது. ஒரு பக்க இறக்கை விழுந்துவிட்டது. கை தன்னாலேயே எயிலரோனைத் திருப்பி அந்த இறக்கையைத் தூக்கப் பார்க்கும். அது ஸ்பின்னை ஆழமாக்கலாம். தரை நெருங்குவதைக் கண்டதும் தண்டைத் தன் பக்கம் இழுக்கச் சொல்லும் உள்ளுணர்வு. அது ஸ்டோலைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஒரு மனிதனின் இயல்பான இரண்டு அசைவுகளும் தவறானவை. ஒரு பயிற்றுநரோடு மேலே போய்ச் செய்து பார்க்காமல் இதைப் புத்தகத்தில் மட்டும் படித்தவர்கள்மீது எனக்கு நம்பிக்கை குறைவு.

சிரஸ் விமானத்தால் ஸ்பின்னிலிருந்து மீள முடியாது, அதை மறைக்கத்தான் பரசூட் வைத்தார்கள் என்று சொல்கிறார்களே?

சாயக்கடைப் பேச்சில் மிகவும் பிடித்தமான தலைப்பு இது. பாதி உண்மை கலந்திருப்பதால் நீண்ட நாள் உயிரோடு இருக்கிறது.

சாதாரண வகை ஒற்றை இயந்திர விமானம் ஒரு சுற்று ஸ்பின்னுக்குப் பிறகு இன்னொரு சுற்றுக்குள் மீள வேண்டும் என்பது அப்போதைய அமெரிக்க விதி. சிரஸ் வேறு வழியை முன்வைத்தது. இறக்கையின் வெளிப்பகுதியின் முன்விளிம்பை வேறுவிதமாக வளைத்து, உட்பகுதி முதலில் ஸ்டோல் ஆகும்போதும் எயிலரோன் இருக்கும் வெளிப்பகுதி பறந்துகொண்டே இருக்கும்படி வடிவமைத்தது. ஸ்பின்னுக்குள் நுழைவதையே கடினமாக்கியிருக்கிறோம், அதையும் தாண்டி நுழைந்தால் பரசூட் இருக்கிறது, இரண்டும் சேர்ந்து விதி கேட்கும் பாதுகாப்புக்குச் சமம் என்பது அவர்கள் வாதம். அமெரிக்க அதிகாரிகள் ஏற்றுக்கொண்டார்கள். அதனால் வழமையான முழு ஸ்பின் சோதனைத் தொடர் அங்கே நடக்கவில்லை. ‘மீள முடியாது’ என்ற வதந்தி முளைத்த இடம் இதுதான். பின்னர் ஐரோப்பிய அனுமதிக்காக ஓரளவு ஸ்பின் சோதனைகள் நடந்தபோது விமானம் வழமையான முறையில் மீளவே செய்தது.

ஆனாலும் சிரஸ் கையேடு ஸ்பின்னுக்கு ஒரே ஒரு வழியைத்தான் அங்கீகரிக்கிறது: பரசூட்டை இழு. சோதனையில் மீண்டதே என்று ஒரு சாதாரண விமானி அதைத் தானும் செய்து பார்க்கக் கூடாது.

சரி, பரசூட், ஸ்பின் மீட்சி இரண்டில் எது உயிரைக் காக்கும்?

இந்தக் கேள்விக்கு விடை உயரமானியில் இருக்கிறது. எண்களைப் பார்ப்போம்.

செஸ்னா 152 என்ற பயிற்சி விமானத்தின் கையேடு, ஒரு சுற்று ஸ்பின்னுக்கும் மீட்சிக்கும் சேர்த்துக் குறைந்தது 1,000 அடி இழப்பை எதிர்பார்க்கச் சொல்கிறது. அதுவும் விமானி தயாராக, வேண்டுமென்றே நுழைந்த ஸ்பின்னுக்கு. சிரஸ் எஸ்.ஆர்.22இன் முந்தைய மாதிரிகளில், ஒரு சுற்று ஸ்பின்னில் பரசூட்டை இழுத்தால் 920 அடி இழப்பு என்று செய்துகாட்டினார்கள். நேராகப் பறக்கும்போது இழுத்தால் 400 அடி. எடை கூடிய பிந்தைய மாதிரிகளில் இவை முறையே 1,080, 560 அடிகளை ஒட்டி வரும்.

அதாவது ஸ்பின்னில் சிக்கிய பிறகு, கைக்கும் காலுக்கும் தேவையான உயரமும் ரொக்கெட்டுக்குத் தேவையான உயரமும் கிட்டத்தட்ட ஒன்றுதான். பரசூட் ஆதரவாளர்களும் பழைய பயிற்றுநர்களும் இதைச் சத்தமாகச் சொல்வதில்லை.

இனி விபத்துகள் எந்த உயரத்தில் நடக்கின்றன என்று பாருங்கள். அமெரிக்க விமான உரிமையாளர், விமானிகள் சங்கத்தின் பாதுகாப்பு அமைப்பு 1993 முதல் 2001 வரை நடந்த 465 மரண ஸ்டோல்-ஸ்பின் விபத்துகளை ஆராய்ந்தது. அவற்றில் குறைந்தது 80 சதவீதம் தரையிலிருந்து 1,000 அடிக்கும் கீழே தொடங்கியவை. தரையிறங்குவதற்காக ஓடுபாதையைச் சுற்றி வரும் வட்டத்தின் உயரமே வழமையாக 1,000 அடிதான். ஓடுபாதையை நோக்கிய கடைசித் திருப்பத்தில் விமானம் அதில் பாதி உயரத்தில் இருக்கும்.

நம் ஊருக்கு வாருங்கள். சோளகம் பலமாக வீசும் ஒரு பிற்பகல். மாணவன் கடைசித் திருப்பத்தைத் தொடங்குகிறான். பின்னாலிருந்து காற்று தள்ளுகிறது. ஓடுபாதையின் நேர்கோட்டைத் தாண்டிவிடுவான் போலிருக்கிறது. இறக்கையை இன்னும் சரிக்கப் பயம், தரை அருகில் இருக்கிறது. எனவே சுக்கான் மிதியை உள்பக்கம் அழுத்தி மூக்கை மட்டும் ஓடுபாதைப் பக்கம் இழுக்கப் பார்க்கிறான். மூக்கு கீழே சரிகிறது. தண்டைப் பின்னே இழுக்கிறான். திருப்பக் கருவியில் பக்கவாட்டு வழுக்கலைக் காட்டும் சிறு கறுப்புப் பந்து குழாயின் ஓரத்துக்கு ஓடிவிட்டது, ஸ்டோல் எச்சரிக்கை அலறத் தொடங்கிவிட்டது. அவன் இரண்டையும் கவனிக்கவில்லை. அடுத்த கணம் உள்பக்க இறக்கை விழுந்தால், 500 அடியில் எந்தக் கைபிடியும் எந்தக் கால்மிதியும் அவனுக்கு உதவாது.

காப்பாற்றக்கூடியது அதற்கு முந்தைய ஐந்து வினாடிகள். நேர்கோட்டைத் தாண்டிவிட்டதா, தாண்டட்டும். சக்தியைக் கூட்டி மேலே போய் இன்னொரு வட்டம் வா. ஸ்பின் பயிற்சிக்கு நான் கொடுக்கும் மதிப்பு, மீளக் கற்றுக்கொடுப்பதற்காக அல்ல. அந்தப் பந்து ஓரத்துக்குப் போகும்போது இருக்கையில் உடம்பு பக்கவாட்டில் வழுக்கும் உணர்வை ஒருமுறை அறிந்தவன், அடுத்த முறை அதைத் தொடக்கத்திலேயே அடையாளம் காண்பான்.

அப்படியானால் பரசூட்டால் பெரிய பயன் இல்லை என்கிறீர்களா?

அப்படிச் சொல்லவே இல்லை. அதை ஸ்பின்னுக்கான மாற்றாக மட்டும் பார்ப்பதுதான் பிழை. நடுவானில் மோதல், கட்டுப்பாட்டு உறுப்பு உடைதல், இரவில் காட்டுக்கு மேல் இயந்திரம் நிற்றல், மேகத்துக்குள் திசை தடுமாறல், விமானி மயங்கிச் சாய்தல் என்று எந்தச் சுக்கான் வித்தையும் உதவாத நிலைமைகளுக்கு அதுதான் பதில். உற்பத்தியில் வந்த சிரஸ் ஒன்றில் பரசூட் முதன்முதலில் உயிர்காத்தது 2002 ஒக்டோபரில், டெக்சஸில். பராமரிப்பு வேலைக்குப் பிறகு ஒரு பக்க எயிலரோன் பறப்பிலேயே கழன்று தொங்கியது. விமானி கைபிடியை இழுத்தார், காயமின்றி வெளியே நடந்து வந்தார். அங்கே ஸ்பின் மீட்சி படித்திருந்தால் என்ன, படிக்காவிட்டால் என்ன?

பரசூட் இருக்கிறது என்ற தைரியத்தில் விமானிகள் துணிந்து தப்புச் செய்ய மாட்டார்களா?

சிலர் செய்வார்கள். ஆனால் முதல் ஆண்டுகளில் சிரஸ் விமானிகளிடம் காணப்பட்ட சிக்கல் நேர்மாறானது: இழுக்க வேண்டிய நேரத்திலும் இழுக்கவில்லை. பரசூட் இருந்தும் அந்த விமானங்களின் மரண விபத்து வீதம் மற்றச் சிறு விமானங்களைவிடச் சிறப்பாக இருக்கவில்லை. தன் விமானத்தைத் தானே கைவிடுவதா என்ற கௌரவம், இன்னும் ஒருமுறை முயன்று பார்ப்போம் என்ற நப்பாசை, விலையுயர்ந்த விமானம் நாசமாகிவிடுமே என்ற கவலை, எல்லாம் சேர்ந்து கையைக் கட்டிப்போட்டன. சிரஸ் நிறுவனமும் சிரஸ் உரிமையாளர் சங்கமும் பயிற்சியை மாற்றி, ‘யோசிக்காதே, முன்கூட்டியே இழு’ என்று திரும்பத் திரும்பப் பழக்கிய பிறகுதான் மரணங்கள் தெளிவாகக் குறைந்தன. பழைய மாதிரிகளில் கருவி மாறவில்லை, மாறியது பழக்கம்தான்.

எந்த உயரத்தில், எப்படி இழுக்க வேண்டும்?

புறப்படுவதற்கு முன்பே முடிவெடுத்திருக்க வேண்டும். சிரஸ் பயிற்சியில் சொல்வது: 500 அடிக்குக் கீழே (புதிய மாதிரிகளில் 600) நேராக முன்னே தரையிறங்கு, அதற்கு மேல் 2,000 அடி வரை தயங்காமல் இழு, 2,000 அடிக்கு மேல் இருந்தால் கோளாறை ஆராய நேரம் உண்டு. ஓடுபாதையில் ஏறும்போது இந்த எண்களை வாய்விட்டுச் சொல்லும் பழக்கம் நல்லது. அந்த நேரத்தில் எடுத்த முடிவு 700 அடியில் பயந்த மூளை எடுக்கும் முடிவைவிடச் சிறந்தது.

கைபிடியைப் பூட்டி வைத்திருக்கும் பாதுகாப்பு ஊசியைப் பறப்புக்கு முன் கழற்றியிருக்க வேண்டும். வேகம் வரம்புக்குள் இருப்பது நல்லது. மாதிரியைப் பொறுத்து 133 அல்லது 140 நொட் (மணிக்குக் கடல் மைல்). அதற்கு மேல் வேகத்தில் விரிந்தால் துணியும் பட்டிகளும் தாங்காமல் போகலாம். கைபிடியை ஒற்றைக் கையால் சுண்டக் கூடாது. இரு கைகளாலும் பற்றி, கம்பியில் தொங்கி உடம்பை உயர்த்துவதுபோல் நேராகக் கீழே இழுக்க வேண்டும். இருபது கிலோவை ஒட்டிய விசை தேவைப்படலாம். பெரிய சத்தம், ஒரு குலுக்கல். முதலில் விமானம் மூக்குத் தாழ்ந்தே தொங்கும். ஏறத்தாழ எட்டு வினாடி கழித்துப் பின்பட்டியைக் கட்டியிருக்கும் கயிறு தானாக வெட்டப்பட்டு, வால் இறங்கி விமானம் சமநிலைக்கு வரும்.

இறங்கும் வேகம் நிமிடத்துக்கு 1,700 அடிக்குள். உயர்தரப் பௌதிகவியல் மாணவர்கள் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்: ஏறத்தாழ 12, 13 அடி உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். மெத்தையில் விழுவது போல இருக்காது. சக்கரக்கால்களும் இருக்கைகளின் அடிப்பகுதியும் நசுங்கி அந்த அதிர்ச்சியை வாங்கிக்கொள்வதற்காகவே அமைந்தவை.

நம் ஊரில் பாதி வானம் கடலுக்கு மேல்தானே. கடலில் இறங்கினால்?

நல்ல கேள்வி. தண்ணீரில் சக்கரக்கால் நசுங்காது. அடிவயிறு நேரடியாக அறையும், அதிர்ச்சி முதுகெலும்புக்குப் போகும். நிமிர்ந்து, பட்டியை இறுக்கி உட்கார வேண்டும். காற்று பலமாக இருந்தால் மிதக்கும் பரசூட் விமானத்தை இழுத்துப் புரட்டவும் கூடும். எனவே சீக்கிரம் வெளியேற வேண்டும். உயிர்காப்பு அங்கியை உள்ளே இருக்கும்போது ஊதிவிடக் கூடாது; ஊதினால் கூரையோடு ஒட்டிக்கொள்வீர்கள்.

தப்பலாம் என்பதற்குச் சான்று இருக்கிறது. 2015 ஜனவரியில் ஒரு விமானி தனியாக எஸ்.ஆர்.22 ஒன்றை ஹவாய்க்கு ஓட்டிச் சென்றார். கூடுதல் தாங்கியிலிருந்து எரிபொருள் மாறவில்லை. மாவி தீவுக்கு வடகிழக்கே ஏறத்தாழ 250 மைல் தொலைவில், பசிபிக்கின் நடுவில் பரசூட்டை இழுத்தார். அமெரிக்கக் கரையோரக் காவல்படை விமானம் மேலிருந்து படம்பிடித்துக்கொண்டிருந்தது. அவர் படகுத் தெப்பத்தில் ஏறி, பின்னர் அருகே வந்த உல்லாசக் கப்பலால் மீட்கப்பட்டார். முன்கூட்டியே தகவல் சொல்லி, கப்பல் இருக்கும் திசைக்குப் போய், உயரம் இருக்கும்போதே முடிவெடுத்தார் என்பதைக் கவனியுங்கள்.

விமானப்படை விமானங்களில் இருக்கும் பரசூட்டும் இதுவும் ஒன்றா?

இல்லை. 2025 மார்ச்சில் வாரியபொல பகுதியில் கே-8 ஜெட் பயிற்சி விமானம் விழுந்தபோது இரு விமானிகளும் தப்பியது, அவர்களை ஆசனத்தோடு வெளியே வீசிய கருவியால். சீனக்குடாவில் பறக்கும் பிடி-6 போன்ற சுழல்விசிறி விமானத்தில் அந்த ஆசனம் கிடையாது. அதில் விமானி தானே வெளியேற வேண்டும், அதற்கு உயரமும் நேரமும் வேண்டும். 2020 டிசம்பரில் கந்தளாய்ப் பகுதியிலும் 2023 ஓகஸ்டில் சீனக்குடாவிலும் பிடி-6 விழுந்து உயிர்கள் போனதை இந்த ஊர் மறக்கவில்லை. அவற்றை ஸ்பின்னுக்கு உதாரணமாக யாரும் வகுப்பில் இழுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

பெரிய பயணிகள் விமானத்தில் ஏன் இல்லை?

எடையும் வேகமும். நூற்றுக்கணக்கான தொன்னைத் தாங்கும் துணி, இருக்கைகளுக்கே இடம் விடாது.

பழைய செஸ்னாவில் பொருத்த முடியுமா? செலவு?

செஸ்னா 172, 182 போன்றவற்றுக்கு அனுமதி பெற்ற தொகுதிகள் இருக்கின்றன. எடை கூடும், பொதிவைக்கும் இடம் குறையும். சிரஸ் தொகுதியில் பரசூட்டையும் ரொக்கெட்டையும் பத்து ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அதற்கே ஆயிரக்கணக்கில் டொலர் போகும். ஜெர்மனியில் மிக இலகு விமானங்களுக்கு இது சட்டப்படி கட்டாயம். நம் நாட்டுச் சிறு பயிற்சிப் பள்ளி ஒன்று அந்தச் செலவை யோசிப்பதில் நியாயம் இருக்கிறது.

என் மகள் விமானியாகப் படிக்கப் போகிறாள். பரசூட் உள்ள பள்ளியில்தான் சேர்க்க வேண்டுமா?

அம்மா, விமானத்தைப் பார்ப்பதற்கு முன் பயிற்றுநரைப் பாருங்கள். ஸ்டோல் பயிற்சியை எத்தனை தடவை, எந்த உயரத்தில் செய்விக்கிறார்கள் என்று கேளுங்கள். ஸ்பின் பறப்பு உண்டா என்று கேளுங்கள். அமெரிக்காவில் 1949இலிருந்து தனியார் விமானி உரிமத்துக்கு அது கட்டாயமில்லை, பயிற்றுநராகப் போகிறவர்களுக்குத்தான் கட்டாயம். எனவே ‘சட்டத்தில் இல்லை’ என்ற பதில் வரலாம். சட்டத்தில் இல்லாவிட்டாலும் ஸ்பின்னுக்கு அனுமதியுள்ள விமானத்தில், தகுதியுள்ளவரோடு, அவள் கேட்டுச் செய்துகொள்ளட்டும். தரையிறங்காமல் திரும்ப மேலே போன மாணவரைப் பாராட்டுகிறார்களா, கேலி செய்கிறார்களா என்பதையும் ஒரு நாள் அங்கே உட்கார்ந்து கவனியுங்கள். அதற்குப் பிறகு பரசூட்டும் இருந்தால் சந்தோஷம்.

இப்படிப்பட்ட விமானம் வயலிலோ கடலிலோ விழுந்தால், உதவப் போகும் எங்களுக்கு ஆபத்து உண்டா?

உண்டு. மூதூர், நிலாவெளிப் பக்கத்து மீனவர்களும் தம்பலகாமத்து விவசாயிகளும்தான் முதலில் போய்ச் சேர்வீர்கள் என்பதால் சொல்கிறேன். பரசூட் விரியாமல் விழுந்த விமானத்தில் ரொக்கெட் இன்னும் உயிரோடு இருக்கும். உடற்பகுதியின் மேலே எச்சரிக்கைக் குறி ஒட்டிய மூடியைத் தேடுங்கள். அதற்கு நேரே நிற்காதீர்கள், அதன்மேல் சாயாதீர்கள். கூரையிலுள்ள சிவப்புக் கைபிடியைத் தொடாதீர்கள், அதிலிருந்து பின்னே ஓடும் கம்பியை இழுக்கவோ வெட்டவோ வேண்டாம். உள்ளே இருப்பவர்களைக் கதவு வழியாக எடுங்கள். உடற்பகுதியை வாளால் அறுக்கும் வேலையைத் தீயணைப்புப் படைக்கு விட்டுவிடுங்கள். பரசூட் விரிந்திருந்தால், காற்று அதைத் திரும்ப நிரப்பும் முன் துணியின் ஓரத்தைப் பிடித்துச் சுருட்டி, மேலே பாரமாக எதையாவது வையுங்கள். கடலில் என்றால் படகைக் காற்று வரும் பக்கமிருந்து கொண்டுபோங்கள், கயிறுகள் விசிறியில் சிக்காமல் இயந்திரத்தை முன்பே நிறுத்திவிட்டுத் துடுப்பால் அணுகுங்கள்.